பேச்சே மருந்தாதல்

2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாள் காலையில், கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. உறவினரின் உடலையும் காணப்பெறாது துயருற்றோர் உளர். அத்தகையோர் முன் உளவளத்துணையாளர் வந்தமர்ந்தால், “எனக்கென்ன பைத்தியமா?” என்ற ஐயம் எழுவது இயல்பே. 1926இல் அங்கொடையில் மனநோய் மருத்துவமனை தோன்றியபின், அவ்வூர்ப் பெயரே ஏளனச் சொல்லாயிற்றன்றோ!

ஆயின் பேச்சு மருத்துவத்தின் வரலாறு வேறு. 1880இல் வியன்னா நகரிலே, தந்தையின் நோயைக் கண்டு உள்ளம் நைந்த பேர்த்தா பாப்பென்ஹைம் என்னும் மங்கையைப் பேசவிட்டுக் கேட்டார் மருத்துவர் யோசப் புரோயர். அதற்குப் ‘பேச்சு மருத்துவம்’ எனப் பெயரிட்டவர் அம்மங்கையே. எனினும் அவர் உடனே குணமடைந்தாரில்லை. 1882இல் சுவிட்சர்லாந்தில் ஒரு சிகிச்சை இல்லத்திற் சேர்க்கப்பட்டார். பின்னர், 1904இல் ஜெர்மனியில் யூதப் பெண்கள் சங்கத்தை நிறுவியவரும் அவரே.

விரைவில் ஆறாது என்பதே புதிதாய் வருவோர் முதற்கண் அறியவேண்டியது. தொடக்கத்தில் துயர் மிகுவதுபோலத் தோன்றலும் கூடும். நடந்ததனைத்தையும் உடனே சொல்லவேண்டுமென்பதில்லை. பேரிடருற்றோரை அவ்வாறு வற்புறுத்தலாகாதென உலக சுகாதார நிறுவனத்தின் 2011ஆம் ஆண்டுக் கைந்நூல் கூறுகிறது. சொல்லியது மறைவாகக் காக்கப்படும். உயிருக்கு ஆபத்து நேருமிடத்து விலக்குண்டு. எத்தனை முறை வருவது, எம்மொழியிற் பேசுவது என்பவற்றை முன்னரே கேட்டறியலாம். தமிழில் அழும் தாய்க்குச் சிங்களத்தில் மறுமொழி வருமாயின், இடைநின்று பெயர்த்துரைக்கத் தன் பிள்ளையை அழைக்கவேண்டியதில்லை. வேறொரு மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று அவள் தயங்காது கேட்கலாம்.