ரயிலே வராத ஊர்க்காரனும் நாலு எழுத்துகளும்

எங்க ஊர் தொண்டாமுத்தூருக்கு ரயில் கிடையாது. எந்தக் காலத்துலயும் இருந்ததில்ல. கோயமுத்தூருக்கு மேற்கால, மலையடிவாரத்துல, பாக்கும் வாழையுமா இருக்குற ஊருங்க. ரயில் பாக்கணும்னா டவுன் பஸ் ஏறி ஜங்ஷன் வரணும். அப்பேர்ப்பட்ட ஊர்க்காரனுக்குப் பழைய ஸ்டேஷன் கிறுக்கு எப்படிப் பிடிச்சதுன்னு ஆபீஸ்ல கேக்காத ஆள் இல்ல. பகல்ல சாஃப்ட்வேர், ராத்திரி ஸ்டேஷன் போட்டோ. இது என்ன பொழப்புன்னு அம்மாவும் கேட்டுட்டாங்க :)

அமெரிக்காவுல சின்ன ஊர் ஸ்டேஷனை 'டிப்போ'ம்பாங்க. ஒவ்வொரு கம்பெனியும் தனக்குன்னு ஒரு வரைபடம் வெச்சு வரிசையாக் கட்டுனதால, கட்டடத்தோட சாடையைப் பாத்தே இது இன்ன கம்பெனியோடதுன்னு அங்க சொல்ற ஆளுங்க இருக்காங்க. நமக்கு டிப்போன்னா பஸ் டிப்போ, இல்லேன்னா மர டிப்போ. ஆனா ஒரு ஸ்டேஷனையோ சாமானையோ பாத்து வயசு சொல்ற அந்த வேலையை இங்கயும் செய்யலாம். அதுக்கு முன்னாடி கொஞ்சம் வரலாறு.

தெற்குல முதல் ரயில் ஓடுனது 1856-ல, ராயபுரத்துல இருந்து வாலாஜா ரோடு வரைக்கும். மெட்ராஸ் ரயில்வே கம்பெனி அந்தப் பாதையை மேற்குக் கடற்கரை வரைக்கும் நீட்டினப்ப, 1862-ல போத்தனூருக்கு ரயில் வந்துருச்சு. கோயமுத்தூர் டவுனுக்கு வரல! டவுனை ஒதுக்கிட்டுத் தெற்கால போயிருச்சு. மேட்டுப்பாளையத்துக்குக் கிளைப்பாதை போட்டப்பதான், 1873-ல, டவுனுக்கு ரயில் வந்துது. அதாவது கோவைக்குப் போத்தனூர் அண்ணன். அப்புறம் 1915-ல போத்தனூர் - பொள்ளாச்சி மீட்டர் கேஜ், 1928-ல பொள்ளாச்சி - திண்டுக்கல், 1932-ல பொள்ளாச்சி - பாலக்காடு.

இப்ப அடையாளம் கண்டுபிடிக்கிற விஷயம். நான் பாக்குறது மூணு.

முதல்ல எழுத்து. விளக்கு, மணி, வாளின்னு ரயில்வே சாமான் எதுலயும் கம்பெனி பேரைச் சுருக்கிக் குத்தியிருப்பாங்க. நம்ம பக்கத்துக்கு நாலு சுருக்கம் தெரிஞ்சாப் போதும். எம்.ஆர்.னா மெட்ராஸ் ரயில்வே, 1908-க்கு முந்தினது. அந்த வருஷம் கம்பெனி பிரிஞ்சப்ப வடக்குப் பாகம் எம்.எஸ்.எம். ஆச்சு, ஜோலார்பேட்டையில இருந்து கோவை வழியா மங்களூர் போற பாதை எஸ்.ஐ.ஆர். கைக்கு, அதாவது சவுத் இண்டியன் ரயில்வேக்குப் போச்சு. 1951 ஏப்ரல் 14-ல எல்லாம் சேந்து சதர்ன் ரயில்வே, எஸ்.ஆர்.

ரெண்டாவது தண்டவாளம். பழைய ஸ்டேஷன்கள்ல கூரைத் தூணு, வேலிக்கால், ஏன் மணியாத் தொங்குற இரும்புத்துண்டு கூடப் பழைய தண்டவாளமா இருக்கும். அதோட இடுப்புப் பகுதியில, உருட்டுன ஆலையோட பேரும் வருஷமும் புடைப்பெழுத்தா நிக்கும். பெயிண்ட்டுக்கு மேல விரலை ஓட்டிப் பாருங்க, தட்டுப்படும். ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கணும்: அது தண்டவாளத்தோட பிறந்த வருஷம், கட்டடத்தோடது இல்ல. பாதையில உழைச்சு ரிட்டயர் ஆனப்புறம்தான் அது தூணா நிக்க வரும்.

மூணாவது பெயர்ப்பலகை. கீழ கடல்மட்டத்துல இருந்து எவ்வளவு உயரம்னு எழுதியிருக்கும். ஊட்டின்னா 2203 மீட்டர். பழைய போட்டோவுல அதே உயரம் அடிக்கணக்குல, ஏழாயிரத்துச் சொச்சம்னு இருந்தா, மீட்டர் கணக்கு வர்றதுக்கு முந்தின போட்டோன்னு சொல்லிரலாம்.

இந்த மூணையும் வெச்சு ஒரு கதை. காயலான் கடைக்காரர் ஒருத்தர் பித்தளை விளக்கு ஒண்ணைக் காட்டி, "தம்பி, இது பொள்ளாச்சி ஸ்டேஷன் திறந்தப்ப வெச்சதுங்க"ன்னார். அடியில எம்.ஆர். எழுத்து. பொள்ளாச்சிக்கு ரயில் வந்ததே 1915-ல, அதுவும் எஸ்.ஐ.ஆர். காலத்துல. எம்.ஆர். மறைஞ்சு ஏழு வருஷம் கழிச்சு! வேற ஸ்டேஷன்ல இருந்து அங்க வந்திருக்கலாம், அங்க வராமலே போயிருக்கலாம். "எங்க இருந்து வந்துச்சுங்க?"ன்னேன். அவருக்குத் தெரியல. நான் வாங்கல.

வாங்காததுக்கு இன்னொரு காரணமும் உண்டு. ரயில்வே சொத்தை முறையில்லாம வெச்சிருந்தா அதுக்குன்னே 1966-ல வந்த சட்டம் இருக்கு. சிறை அஞ்சு வருஷம் வரைக்கும் போகலாம். ரயில்வே ஏலத்துல வித்த சாமான்னா அதுக்கு ரசீது இருக்கணும். ரசீது இல்லாத பழம்பொருள் அழகா இருக்கலாம், நமக்கு வேண்டாமுங்க.

அப்ப நான் எதைத்தான் சேக்குறேன்? பெரும்பாலும் அட்டை டிக்கெட். எட்மண்ட்சன்னு ஒரு இங்கிலாந்து ஸ்டேஷன்காரர் 1830-கள்ல கண்டுபிடிச்சது. கட்டைவிரல் நீளம்தான். ஆனா கிளம்புற ஊர், போற ஊர், வகுப்பு, கட்டணம், வரிசை எண் எல்லாம் அதுல அடங்கிரும். டக்குனு ஒரு மிஷின்ல தள்ளித் தேதி குத்துவாங்க. கம்ப்யூட்டர் டிக்கெட் வந்து அதை முடிச்சு வெச்சுது. (எங்க இனம் செஞ்ச வேலை, என்ன பண்ண!)

என்கிட்ட இருக்குறதுல பெரிய சொத்து கிணத்துக்கடவு - போத்தனூர் டிக்கெட். அப்புச்சி ஊருக்கு லீவுல போயிட்டுத் திரும்புனது. 2009-ல அகலப்பாதை போடறதுக்காக அந்த மீட்டர் கேஜை நிறுத்துனப்ப எனக்குப் பன்னெண்டு வயசு. மறுபடி பயணிகள் ரயில் ஓடுனது 2017-ல. புது ரயில் வேகமாப் போகுது, வேணும்தான். ஆனா நடுவுல எட்டு வருஷம். பழைய பாதையை எடுத்தப்ப கைகாட்டி எங்க நின்னுச்சு, டோக்கன் பந்து எந்தப் பெட்டியில இருந்துச்சுன்னு எத்தனை பேர் எழுதி வெச்சோம்?

அந்த டோக்கன் பந்தைச் சொல்லியே ஆகணும். ஒத்தைப் பாதையில எதிரெதிரா ரெண்டு வண்டி வந்துரக் கூடாதுன்னு, ஸ்டேஷன் மாஸ்டர் டிரைவர் கையில ஒரு இரும்புப் பந்தைக் கொடுப்பார், பிரம்பு வளையத்துல தோல் பையில போட்டு. பந்து கையில இருந்தாத்தான் வண்டி அடுத்த ஸ்டேஷனுக்குப் போகலாம். ரெண்டு ஸ்டேஷனுக்கு நடுவுல இருக்குறவரைக்கும் அது எத்தனையோ பேரோட உசுரு. அங்கிருந்து எடுத்துட்டா காகிதம் பறக்காம வைக்கிற வெயிட்டு.

நான் சொல்ல வந்தது அதுதான். சாமானுக்கு மதிப்பே அது நின்ன இடத்தாலதான். மேட்டுப்பாளையம் - ஊட்டி மலைரயிலுக்கு 2005-ல யுனெஸ்கோ பட்டம் கிடைச்சுது, சந்தோசம். சமவெளியில இருக்குற சின்ன ஸ்டேஷனுக்கு யார் பட்டம் தருவாங்க?

ஏக்கத்துக்காக மட்டும் சொல்லல. 1921 நவம்பர்ல திரூர்ல இருந்து மாப்பிளா கைதிகள் நூறு பேரைக் காத்துப் போகாத ஒரு சரக்குப் பெட்டியில அடைச்சு அனுப்புனாங்க. கதவைத் திறந்தது நம்ம போத்தனூர்ல. மூச்சு முட்டிச் செத்தவங்க அறுபதுக்கும் மேல. திரூர்ல அவங்க நினைவா மண்டபம் நிக்குது. போத்தனூர்ல தினமும் வண்டி மாறுற எத்தனை பேருக்கு இந்தக் கதை தெரியும்? ஸ்டேஷனோட வரலாறு எழுதுறதுன்னா இதையும் சேத்துத்தான்.

அதனால மக்களே, உங்க ஊர்ல பழைய ஸ்டேஷன் இருந்தா ஒண்ணையும் கழட்டிட்டு வர வேண்டாம். போட்டோ எடுங்க. தூணுல இருக்குற வருஷத்தைப் படிச்சுக் குறிச்சுக்கங்க. அங்க வேலை பாத்த பெரியவர் யாராச்சும் இருந்தா, கைகாட்டி எந்தப் பக்கம் நின்னுச்சுன்னு இன்னைக்கே கேட்டுருங்க. ஊர்ப்பேரும் தேதியும் மறக்காமப் போடுங்க. கட்டடத்தை இடிச்சாலும் அது நிக்கும்.