மூவாயிரம் கிலோமீற்றரும் ஒரு நீலப் பாஸ்போட்டும்

ஒவ்வொரு வருடமும் கோடை தொடங்கினால் எங்கள் குசினியில் ஒரே கதைதான். யாருக்கு எந்தக் கிழமை லீவு, யார் எப்போது ஊருக்குப் போகிறார்கள், ரிக்கற் என்ன விலை. ஸ்ருட்காட் பக்கத்தில் பள்ளிக்கூட விடுமுறை ஜூலை கடைசியில் தொடங்கி ஆறு கிழமைக்கு மேல் போகும். பிள்ளைகள் உள்ள எல்லோருக்கும் அந்த நாட்களுக்குள்தான் லீவு வேண்டும். முதலாளிக்குத் தலையிடி.

என்னோடு பன்னிரண்டு வருடம் ஒரே அடுப்பில் நின்ற துருக்கிக்காரர் ஒருவர் இருந்தார். இப்போது பென்சனில் போய்விட்டார். துருக்கியில் அண்ணனை 'அபி' என்று கூப்பிடுவார்கள். நானும் அவரை அப்படித்தான் கூப்பிடுவேன். அபி லீவுக்குப் பிளேனில் போகமாட்டார், காரில்தான் போவார். கைசேரி பக்கத்தில் அவருடைய கிராமம். இங்கேயிருந்து ஏறக்குறைய 3000 கிலோமீற்றர். "பிளேனில் போனால் ஒரே நாளில் போய் இறங்கலாமே, ஏன் இந்தக் கரைச்சல்?" என்று கேட்டால் சிரிப்பார். "ரோட்டால் போனால்தான் ஊருக்குப் போன மாதிரி இருக்கும்" என்பார்.

அவர் சொன்னதையும், நான் பிறகு தேடி வாசித்ததையும், எங்கள் வீட்டில் நடந்ததையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். கம்பஸ் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்தவனுக்கு வரலாறு வாசிக்கிற வருத்தம் மட்டும் இன்னும் மாறவில்லை.

ஜேர்மனி முதலில் 1955 இல் இத்தாலியோடுதான் தொழிலாளர் ஒப்பந்தம் செய்தது. 1960 இல் ஸ்பெயின், கிறீஸ். 1961 ஒக்டோபர் 30 இல் துருக்கி. அதற்குப் பிறகு மொறோக்கோ, போர்த்துக்கல், துனிசியா, 1968 இல் யூகோஸ்லாவியா. இஸ்தான்புல்லில் ரெயில் ஏறினால் இரண்டு நாட்களுக்கு மேல் உட்கார்ந்த இடத்திலேயே இருந்து மியூனிக் ஸ்ரேசனின் 11 ஆம் பிளாட்போமில் இறங்குவார்கள். அந்தப் பிளாட்போமுக்குக் கீழே இருந்த பழைய யுத்தகாலப் பதுங்குகுழியில் சாப்பாடு கொடுத்து, எந்தத் தொழிற்சாலைக்கு யார் என்று பிரித்து அனுப்புவார்கள். இரண்டு வருடம் வேலை செய்துவிட்டுத் திரும்பிப் போகவேண்டும் என்பதுதான் துருக்கிக்காரருக்கு முதலில் போட்ட கணக்கு. வேலை பழகினவனை அனுப்பிவிட்டுப் புது ஆளுக்குத் திரும்பவும் பழக்குவது முதலாளிமாருக்குக் கட்டுப்படியாகவில்லை. 1964 இல் அந்த இரண்டு வருடக் கணக்கை எடுத்துவிட்டார்கள்.

இருந்தவர்கள் கார் வாங்கினார்கள். கார் வாங்கியவுடன் கோடையில் ஊருக்குப் போகத் தொடங்கினார்கள். அந்தப் பாதைக்கு அப்போது ஈ-5 என்று பெயர். மியூனிக், சால்ஸ்பேர்க், கிராஸ், சாக்ரெப், பெல்கிறேட், நிஷ், சோபியா, எடிர்னே, இஸ்தான்புல். பிறகு ஐரோப்பியப் பாதைகளுக்கு எண்களை மாற்றியபோது அந்த எண் வேறு ரோட்டுக்குப் போய்விட்டது. ஆனால் பழைய ஆட்களுக்கு இன்றைக்கும் அது ஈ-5 தான். 'சிலா யோலு' என்றும் சொல்வார்கள். 'சிலா' என்றால் விட்டுவந்த ஊர், 'யோல்' என்றால் பாதை.

அபி 1970 இல் பதினொரு வயதில் இங்கே வந்தவர். தகப்பன் கார்த் தொழிற்சாலையில் வேலை. சைற் முடிந்து வந்த கையோடு தகப்பன் போட் ட்ரான்சிற் வானை எடுப்பாராம். கூரைக்கு மேலே கம்பளம், ரெலிவிஷன், சைக்கிள் எல்லாம் கயிறு போட்டுக் கட்டியிருக்கும். உள்ளே ஒன்பது பேர். தாய் மூன்று நாளுக்குக் காணக்கூடிய ரொட்டியும் அவித்த முட்டையும் கட்டிக்கொண்டு வருவா. சாக்ரெப்பிலிருந்து பெல்கிறேட் போகிற ரோட்டைத்தான் எல்லோருக்கும் பயம். 1940களின் கடைசியில் யூகோஸ்லாவிய இளைஞர் படைகள் கல் சுமந்து போட்ட ரோட்டு அது, 'சகோதரத்துவமும் ஒற்றுமையும்' என்று அதற்குப் பெயர். போக ஒரு வரிசை, வர ஒரு வரிசை, அதிலேயே லொறிகளும் பஸ்களும் நித்திரை கொள்ளாத தொழிலாளிகளின் கார்களும். "ரோட்டோரத்தில் நொறுங்கின காரைக் கண்டால் அம்மா எங்கள் கண்ணைப் பொத்துவா" என்று அபி சொல்லியிருக்கிறார். நான்கு கிழமை லீவில் ஒரு கிழமையைப் போகவும் வரவும் ரோட்டே தின்றுவிடும். ஒரு நாளைக்கூட இழக்கக்கூடாது என்றுதான் தகப்பன்மார் நிற்காமல் ஓடினார்கள். அதனாலேயே எத்தனையோ குடும்பங்கள் ஊர் போய்ச் சேரவில்லை.

1973 நவம்பரில் ஜேர்மனி ஆள் எடுப்பதை நிறுத்தியது. இனிப் போனால் திரும்ப வர விடமாட்டார்கள் என்று பயந்து, இருந்தவர்கள் இங்கேயே தங்கி, மனைவி பிள்ளைகளையும் கூப்பிட்டார்கள். கோடையில் அந்த ரோட்டில் சனம் இன்னும் கூடியது. 1991 இல் யூகோஸ்லாவியா உடைந்து யுத்தம் வந்தபோது அந்தப் பாதையால் போகமுடியவில்லை. ஹங்கேரி, ருமேனியா என்று சுற்றிப் போனார்கள். சிலர் இத்தாலிக்குப் போய்க் கப்பல் ஏறினார்கள். ஒரு பாதை அடைபட்டால் இன்னொன்று, எப்படியும் ஊருக்குப் போனார்கள்.

இந்தக் கதையை முதலில் கேட்டபோது, உண்மையைச் சொன்னால், எனக்கு எரிச்சல்தான் வந்தது. மூன்று நாள் ரோட்டில் கஷ்டப்பட்டேன் என்று ஒருவர் சொல்ல, அந்த ரோட்டாவது இவருக்கு இருந்ததே என்றுதான் எனக்குத் தோன்றியது.

எங்கள் ஆட்கள் இங்கே வந்த பாதை உங்களில் பலருக்குத் தெரியும். 1983 ஜூலைக்குப் பிறகு கொழும்பிலிருந்து மொஸ்கோ, மொஸ்கோவிலிருந்து கிழக்கு பேர்லின் சூனபெல்ட் விமான நிலையம். அங்கேயிருந்து பிரீட்ரிக்ஸ்ராச போய், நகர ரெயிலில் ஏறினால் மேற்கு பேர்லின். மேற்குப் பக்கத்தில் பாஸ்போட் பார்க்க ஆள் இல்லை. ஏனென்றால் அதை ஒரு எல்லை என்று ஒப்புக்கொள்ள மேற்கு நாடுகள் தயாரில்லை. 1985 ஜூலையில் கிழக்கு ஜேர்மனி அந்தக் கதவைச் சாத்தியது. போகிற நாட்டின் விசா இல்லாத இலங்கையருக்கு அதற்குப் பிறகு வழி இல்லை. என் மாமா, அம்மாவின் தம்பி, அதற்கு முதல் வருடம் அந்த வழியால் வந்து சேர்ந்தவர்.

வந்தவருக்குத் திரும்பிப் போக வழி இல்லை. அசூல் கேட்டவர் தன் மாவட்டத்தை விட்டு வெளியே போகக்கூடாது என்று 1982 ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. பக்கத்து நகரத்தில் செத்த வீடு என்றாலும் அனுமதிக் கடிதம் வேண்டும். பிறகு வந்த எனக்கும் அதே சட்டம்தான். அகதி என்று ஏற்றுக்கொண்டால் நீலப் பாஸ்போட் கிடைக்கும். அதில் எழுதியிருக்கும்: எல்லா நாடுகளுக்கும் செல்லும், சிறீலங்கா தவிர. உலகம் முழுக்கச் சுற்றலாம், அம்மா இருக்கிற ஒரு இடத்துக்கு மட்டும் போகமுடியாது.

சரி, கொழும்பு வரைக்கும் ஒருவர் போய்விட்டார் என்றே வைத்துக்கொள்வோம். அதற்கு மேல்? 1956 இலிருந்து ஓடிய யாழ்தேவி 1990 ஜூனில் நின்றது. ஆனையிறவுப் பாதை மூடியது. சனம் இரவில் கிளாலிக் கடலால் வள்ளத்தில் போனது, 1993 ஜனவரியில் அந்தக் கடலில் கொல்லப்பட்டவர்கள் பலர். பிறகு பலாலிக்குச் சின்னப் பிளேன் விட்டார்கள். 1998 செப்டெம்பர் 29 இல் அதில் ஒன்று 55 பேரோடு மன்னார்க் கடலில் விழுந்தது. அம்மம்மா 1996 இல் மோசம் போனபோது மாமாவுக்குச் செய்தியே பிந்தித்தான் போனது.

2002 ஏப்ரல் 8 இல் ஏ-9 பாதை திறந்தது. அந்த வருடம்தான் நான் யாழ்ப்பாணக் கம்பஸுக்குள் காலடி வைத்தேன். அடுத்த கோடையில் மாமா வந்தார். பத்தொன்பது வருடத்துக்குப் பிறகு. ஓமந்தையில் ஒரு சோதனை, முகமாலையில் ஒரு சோதனை, நடுவில் இயக்கத்தின் படிவங்கள். காலையில் வெளிக்கிட்டவர் பொழுதுபட்டுத்தான் சாவகச்சேரிப் பக்கம் எங்கள் வீட்டுக்கு வந்தார். 2000 ஆம் ஆண்டுச் சண்டையில் கூரை போய், நாங்கள் தகரம் போட்டிருந்த வீடு. கையில் தண்ணீர்ப் போத்தல், இடுப்பில் பை, முகமெல்லாம் செம்மண். கிணற்றடியில் நின்று அழுதார். நானும் சிநேகிதங்களும் அவரை 'ஜேர்மன் மாமா' என்று பகிடி பண்ணினோம். கிணற்றுத் தண்ணி குடிக்கமாட்டார், நுளம்புக்குப் பயம், எதற்கெடுத்தாலும் படம் எடுப்பார். துருக்கியிலும் இப்படித்தானாம். லீவுக்குப் போகிறவர்களை ஊரில் 'அல்மான்ஜி', ஜேர்மன்காரன், என்று சொல்லிச் சிரிப்பார்கள் என்று அபி சொன்னபோது மாமாவின் முகம்தான் எனக்கு முன்னால் வந்தது.

2006 ஓகஸ்ட் 11 இல் பாதை திரும்பவும் மூடியது. கம்பஸில் இருந்த பொடியன்களில் காணாமல் போனவர்கள் யார், ஒளித்திருப்பவர்கள் யார் என்று தெரியாத காலம். 2007 இல் ஆமியின் கிளியரன்ஸ் எடுத்துக் கப்பலில் திருகோணமலைக்கு வந்தேன். கடைசி வருடப் பரீட்சை எழுதவில்லை. 2008 இல் ஜேர்மனி. முதல் வேலை கோப்பை கழுவுவது.

2012 இல் அம்மாவும் அப்பாவும் சென்னைக்கு வந்தார்கள். எங்கள் ஆட்கள் பலர் கண்டுபிடித்த வழி இதுதான்: நீலப் பாஸ்போட்டோடு இந்தியா போகலாம், அவர்களும் இந்தியா வரலாம். வடபழனியில் ஒரு வாடகை அறையில் பதினாறு நாள். ஊரிலிருந்து அம்மா பினாட்டும் மிளகாய்த்தூளும் கொண்டுவந்தா. அப்பா அந்த அறையில் ஒரு நாள் சொன்னார்: "நீ வந்தாய், நாங்கள் வந்தோம். ஆனா வீட்டில சந்திச்ச மாதிரி இல்லையடா தம்பி."

2014 இல் அப்பா போய்விட்டார். குசினிக்குப் பின்னால், குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று போனில் செத்தவீட்டைப் பார்த்தேன். கொள்ளி வைத்தது பெரியப்பாவின் மகன். உள்ளே ஓடர் வந்துகொண்டே இருந்தது. அபி வெளியே வந்து ஒன்றும் பேசாமல் என்னுடைய ஏப்ரனைக் கழற்றி எடுத்துக்கொண்டு உள்ளே போனார். இரண்டு பேரின் வேலையையும் அன்றைக்கு அவர்தான் செய்தார். அவர் ஊர்க்கதை சொல்லும்போது வருகிற எரிச்சல் அன்றோடு போய்விட்டது.

2017 இல் ஜேர்மன் பிரஜாவுரிமை கிடைத்தது. 2018 ஓகஸ்டில் மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். ரிக்கற் எடுக்க இரண்டு வருடச் சேமிப்பு. கட்டுநாயக்காவில் பாஸ்போட்டைக் கொடுக்கும்போது விரல் நடுங்கியது. வெள்ளவத்தையில் ஒரு இரவு. காலையில் ரெயில். 2014 ஒக்டோபரில்தான் அது திரும்ப யாழ்ப்பாணம் வரைக்கும் ஓடத் தொடங்கியிருந்தது. ஆனையிறவு தாண்டியபோது மகளுக்கு உப்பளத்தைக் காட்டினேன். பளைப் பக்கம் கண்ணிவெடிப் பலகைகள். அவள் கேட்டாள், "அப்பா, அந்த மண்டையோடு ஏன்?" ஜேர்மன் மொழியில் பதில் சொல்லச் சொல் தேடினேன், தமிழிலும் கிடைக்கவில்லை.

சாவகச்சேரி ஸ்ரேசனில் அம்மா நின்றா. பக்கத்தில் தங்கச்சியின் மகன். அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். என் கையில் தண்ணீர்ப் போத்தல், இடுப்பில் பை. எனக்கு விளங்கிவிட்டது. மாமா அப்போது இந்த உலகத்தில் இல்லை. இருந்திருந்தால் போன் எடுத்து மன்னிப்புக் கேட்டிருப்பேன்.

ஏன் இதையெல்லாம் இப்போது எழுதுகிறேன் என்று கேட்பீர்கள். அகதி என்று வந்தவன் சொந்த நாட்டுக்கு லீவில் போனால் அவன் எப்படி அகதி என்று இங்கே கேட்கிறார்கள். 2024 ஒக்டோபரில் அதைச் சட்டமாகவும் ஆக்கினார்கள். போய்வந்தால் பாதுகாப்புத் தேவையில்லை என்றே முதலில் எடுத்துக்கொள்வார்கள். நெருங்கிய உறவின் சாவு போலத் தவிர்க்கமுடியாத காரணம் என்றால் மட்டும் விலக்கு. பொய்க் கேஸ்காரரும் இருக்கிறார்கள், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் தாயைப் பார்க்கப் போவதும் கடற்கரைக்கு லீவு போவதும் ஒன்றா? ஆபத்து இருக்கிறது என்று தெரிந்தும் ஒருவன் போகிறான் என்றால், ஆபத்து இல்லை என்று அர்த்தம் இல்லை. சித்தப்பன்மார் செத்த ரோட்டில் அபியின் தகப்பன் ஏன் திரும்பத் திரும்ப வானை ஓட்டினார்? அந்த ரோட்டில் பயம் இல்லாமலா?

எங்கள் குசினியில் இப்போது ஒரு சிரியாப் பொடியன் கோப்பை கழுவுகிறான். அவனிடமும் நீலப் பாஸ்போட். 2024 டிசம்பரில் அங்கே ஆட்சி கவிழ்ந்த பிறகு ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வரலாமா என்று அவனுக்குத் துடிப்பு. தாய்க்கு சிறுநீரக வருத்தம். "அண்ணை, நீ என்ன செய்தாய்?" என்று கேட்டான். 'அண்ணை' என்று நான்தான் பழக்கியது. வக்கீலிடம் எழுத்தில் கேட்காமல் ரிக்கற் எடுக்காதே என்றேன். தாய் பயணம் செய்யக்கூடியவ என்றால் வேறொரு நாட்டில் சந்திக்க வழி பார் என்றேன், சென்னை அறையைப் பற்றியும் சொன்னேன். அப்பா சொன்னதை மட்டும் சொல்லவில்லை.

லீவுப் பட்டியல் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறது. அவனுடைய பெயருக்கு நேரே இன்னும் ஒன்றும் எழுதவில்லை.