காப்புறுதிக் கதவு யாருக்குத் திறந்தது?

நோயாளிக்குத்தான் மருந்து தேவை. ஆனால் காப்புறுதி என்று வந்துவிட்டால் நிலைமை தலைகீழ். வயது முதிர்ந்தவருக்கும் ஏற்கெனவே நோயில் விழுந்தவருக்கும்தான் அங்கே முதலில் கதவு அடைபடுகிறது. சிங்கப்பூரில் அந்தக் கதவு திறப்பதற்குப் பல ஆண்டுகள் பிடித்தன.

1984ல் மெடிசேவ் வந்தது. அது சேமிப்பு, காப்புறுதி அல்ல. மத்திய சேமநிதிக்குச் செல்லும் பணத்தில் ஒரு பகுதி மருத்துவச் செலவுக்கென ஒதுக்கப்பட்டது. பெருநோய் வந்தால் அந்தச் சேமிப்பு தாங்குமா? அதற்காக 1990ல் மெடிஷீல்டு தொடங்கப்பட்டது. ஆனால் அதற்கு வயது வரம்பு இருந்தது. திட்டத்தில் சேர்வதற்கு முன்பே இருந்த கடும் நோய்களுக்கு அதில் இடமில்லை.

2002 செப்டம்பரில் எல்டர்ஷீல்டு அறிமுகமானது. குளித்தல், உடுத்தல், உண்ணுதல், கழிவறை செல்லுதல், நடமாடுதல், படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுதல் ஆகிய ஆறில் மூன்றைப் பிறர் உதவியின்றிச் செய்ய முடியாதவருக்கு மாதம் 300 வெள்ளி, ஐந்து ஆண்டுகளுக்குக் கிடைத்தது. 2007ல் அது 400 வெள்ளியாகவும் ஆறு ஆண்டுகளாகவும் உயர்ந்தது. 40 வயதை எட்டிய சேமநிதி உறுப்பினர்கள் தாமாகவே சேர்க்கப்பட்டனர், விரும்பாதவர்கள் விலகலாம்.

அன்று 70 வயதைத் தொட்டிருந்தவர்களும் ஏற்கெனவே உடற்குறைக்கு ஆளானவர்களும் இதில் சேர முடியவில்லை. உதவி மிகவும் தேவைப்பட்டவர்கள் அவர்களே! அவர்களில் வசதி குறைந்தவர்களுக்காக 'ஐடேப்' எனும் இடைக்கால உதவித் திட்டம் அதே ஆண்டில் வந்தது.

பெரிய திருப்பம் 2015 நவம்பர் 1ஆம் தேதி. மெடிஷீல்டு லைஃப் திட்டத்தில் குடிமக்கள், நிரந்தரவாசிகள் அனைவரும் வாழ்நாள் முழுவதற்கும் சேர்க்கப்பட்டனர். முன்பே கடும் நோய் உள்ளவர்களுக்கும் இடம் கிடைத்தது. அவர்கள் பத்து ஆண்டுகளுக்கு 30 விழுக்காடு கூடுதல் சந்தா கட்டவேண்டும். 1949 இறுதிக்குள் பிறந்த முன்னோடித் தலைமுறையினருக்குச் சந்தாவில் சிறப்புக் கழிவு வழங்கப்பட்டது.

மருத்துவமனைக் கட்டணத்திற்கு இப்படி வழி பிறந்தது. வீட்டில் படுத்த படுக்கையாக இருப்பவரின் பராமரிப்புக்கு? 2020 அக்டோபரில் கேர்ஷீல்டு லைஃப் வந்தது. தொடக்கத்தில் மாதம் 600 வெள்ளி. உடற்குறை நீடிக்கும்வரை ஆயுள் முழுவதும் கிடைக்கும். 1980லோ அதற்குப் பின்னரோ பிறந்தவர்கள் 30 வயதில் கட்டாயமாகச் சேர்க்கப்படுகிறார்கள். ஏற்கெனவே உடற்குறை இருந்தாலும் அவர்களுக்குத் தடையில்லை.

1979 அல்லது அதற்கு முன் பிறந்தவர்கள் கடும் உடற்குறைக்கு ஆளாகாதிருந்தால்தான் சேரமுடியும். 1979 டிசம்பருக்கும் 1980 ஜனவரிக்கும் இடைவெளி சில வாரங்களே. ஆனால் இளமையிலேயே முடங்கிப்போன இருவரில் ஒருவருக்கு அது உரிமை. மற்றவர் உதவித் திட்டங்களின் வாசலில் வருமானக் கணக்கைக் காட்டவேண்டும். வசதி குறைந்தோருக்கென 2020ல் தொடங்கிய எல்டர்ஃபண்டு அத்தகைய ஒரு வாசல்.

ஆக, வீட்டுப் பெரியவர்கள் பிறந்த ஆண்டு எது, எந்தத் திட்டத்தில் இருக்கிறார்கள் என்பதைக் குடும்பத்தார் இன்றே பார்த்து வைப்பது நல்லது. படுக்கையில் விழுந்த பிறகு தேடினால், சில கதவுகள் திறப்பதில்லை.