எட்டுக் கட்டங்கள்: என் முதல் ஸ்மார்ட்போனின் வரலாறு

இது கொஞ்சம் நீளமான பதிவு. அடுப்பில் ஏதாவது வைத்திருப்பவர்கள் இறக்கி வைத்துவிட்டு வாருங்கள்.

போன வாரம் பீரோவை ஒழித்தபோது என் முதல் ஸ்மார்ட்போன் கிடைத்தது. மூன்று அங்குலத் திரை, ஆண்ட்ராய்டு 2.3. திருவொற்றியூர் உப்புக்காற்று சார்ஜர் குத்தும் இடத்தைப் பச்சை பிடிக்க வைத்திருந்தது. பேத்தி வாங்கிப் பார்த்துவிட்டு, "இதுல எப்படி பாட்டி தமிழ் டைப் பண்ணீங்க?" என்றாள். "பண்ண முடியாதும்மா" என்றேன். அவள் நம்பவில்லை. உங்களிலும் இளையவர்கள் நம்ப மாட்டீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

சென்னையில் செல்போன் சேவை தொடங்கியது 1995இல். ஸ்கைசெல், ஆர்.பி.ஜி. என்று இரண்டே கம்பெனிகள். பேசினாலும் காசு, நமக்கு வந்த அழைப்பை எடுத்தாலும் காசு. எங்கள் தெருவில் எவர் கையிலும் அது இல்லை. சாருக்கு (என் கணவரை மாணவர்கள் அப்படித்தான் அழைப்பீர்கள்) எண்ணூர் தொழிற்சாலையில் நைட் ஷிப்ட் என்றால், அவசரத்துக்கு முனைக்கடை ஒரு ரூபாய் போன்தான். 2003இல் வரும் அழைப்பு இலவசம் ஆனது. அதன் பிறகுதான் காசிமேட்டில் ஏலம் போடுகிறவர் முதல் தண்டையார்பேட்டை ரிக்‌ஷாக்காரர் வரை எல்லோர் இடுப்பிலும் போன் ஏறியது. நான் 2005இல் ஒரு பட்டன் போன் வாங்கினேன்.

பேசினால் காசு ஓடும் என்பதால் எல்லோரும் எஸ்.எம்.எஸ். அனுப்பினோம். அதையும் தமிழில் அல்ல, ஆங்கில எழுத்தில் தமிழை எழுதி. பிள்ளைகளுக்குத் தமிழ் எழுதக் கற்றுக்கொடுத்த நானும் அதையே செய்தேன். வெட்கப்பட்டுப் பயனில்லை, அதற்குக் கணக்கு இருக்கிறது. ஒரு எஸ்.எம்.எஸ். என்பது 140 பைட் கொள்ளும் ஒரு சிறு டப்பா. ஆங்கில எழுத்தில் எழுதினால் அதில் 160 எழுத்து அடங்கும். தமிழில் எழுதினால் 70தான். அந்த எழுபதையும் நாம் எண்ணுவது போல் போன் எண்ணாது. 'வேண்டும்' நமக்கு நான்கு எழுத்து: வே, ண், டு, ம். போனுக்கோ எட்டு. வ தனி, ஏகாரக் கொம்பு தனி, ண தனி, புள்ளி தனி, ட தனி, உகரக் குறி தனி, ம தனி, அதன் புள்ளி தனி. 'நாளை காலை பத்து மணிக்குக் கையெழுத்துப் போட வர வேண்டும்' என்று எழுதினாலே 54 இடம் போய்விடும். இன்னும் இரண்டு மூன்று சொல் சேர்த்தால் இரண்டு எஸ்.எம்.எஸ். காசு. அதோடு, எதிர்முனைப் போனில் தமிழ் இல்லையென்றால் எல்லாம் வீண்.

இனி நான் சொல்லப்போவது பலருக்குத் தெரியாது.

2011 மழைக்காலம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு தேசிய வருவாய்வழி உதவித்தொகைத் தேர்வு ஒன்று உண்டு. 2008இல் வந்த திட்டம். அப்போது தேறினால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை மாதம் 500 ரூபாய் கிடைத்தது. நான்கு வருடத்துக்கு 24,000. எட்டாம் வகுப்பில் விட்டால் பிறகு எழுத முடியாது. தாழங்குப்பத்திலிருந்து வந்த ஒரு பெண் கண்டிப்பாகத் தேறியிருப்பாள். அவள் அப்பாவும் என்னிடம் படித்தவர். ஆங்கிலம் அவருக்குக் கடைசி வரை பிடிபடவில்லை, ஆனால் தமிழ் வாசிப்பு சுத்தமாக இருக்கும்.

மழைக்காகத் தொடர்ந்து விடுமுறை. முந்தின நாள் இரவு எல்லாப் பெற்றோருக்கும், பள்ளி கிடையாது, வர வேண்டாம் என்று ஆங்கில எழுத்தில் அனுப்பியிருந்தேன். மறுநாள் மாலை தகவல் வந்தது: விடுமுறையானாலும் விண்ணப்பங்கள் நாளையே போய்ச் சேர வேண்டும். அவர் போனுக்கு அடித்தேன், அணைந்திருந்தது. குப்பத்தில் கரண்ட் இல்லை. அதே பழைய எஸ்.எம்.எஸ்.ஸை எடுத்து, 'வருமானச் சான்றுடன்' என்று முன்னால் சேர்த்து அனுப்பினேன். கடைசிச் சொல்லில் ஓர் எழுத்தை மாற்ற மறந்துவிட்டேன். ஆங்கிலத்தில் 'வேண்டும்', 'வேண்டாம்' இரண்டுக்கும் நடுவே ஒரே ஓர் எழுத்துதானே வித்தியாசம்.

அவர் டீக்கடையில் போனுக்குச் சார்ஜ் போட்டபோது எஸ்.எம்.எஸ். வந்திருக்கிறது. கடைப் பையனிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லியிருக்கிறார். "சர்டிபிகேட்டோட நாளைக்கும் வர வேணாமாம்ணே" என்று அவன் படித்தான். சான்று கையில் தயாராக இருக்க, அவர் வீட்டிலேயே இருந்தார். தேதி போயிற்று.

தமிழில் எழுதியிருந்தாலும் 'டா'வை 'டு' ஆக்க மறந்திருக்கலாம் என்று நீங்கள் சொல்லலாம். சாரும் அதைத்தான் சொன்னார். ஆனால் முப்பது வருடம் நோட்டுத் திருத்திய கண் அதைப் பிடித்திருக்கும். ஆங்கில எழுத்தில் என் கண் வெறுமனே கடந்து போயிற்று. மன்னிப்புக் கேட்கப் போனபோது அவர் சொன்னது ஒன்றுதான்: "தமிழ்ல போட்டிருந்தா நானே படிச்சிருப்பேனே டீச்சர்." அவருடைய போன் ஆயிரத்துச் சொச்சம் ரூபாய் பட்டன் போன். அதில் தமிழ் இருந்தது.

கடற்கரைக் குப்பங்களுக்குத் தமிழில் சேதி என்பது அலங்காரம் இல்லை. புதுச்சேரிப் பக்கம் 1998 முதலே எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் கிராம அறிவு மையங்கள் நடத்தினார்கள். வீராம்பட்டினத்தில், அமெரிக்கக் கடற்படை இணையதளத்தில் வரும் அலை உயரக் கணிப்பை இறக்கித் தமிழில் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். பிறகு அதே நிறுவனத்தார் அலை உயரம், மீன் இருக்கும் இடம், சந்தை விலை எல்லாவற்றையும் மீனவர் கைப்பேசியிலேயே தமிழில் தரும் ஏற்பாட்டையும் கொண்டுவந்தார்கள்.

நான் முடிவு செய்தேன். கட்டைவிரலால் ஒரே பட்டனை நாலைந்து தடவை அமுக்கி எழுதுவது என்னால் ஆகாது. சுற்றறிக்கைகளும் மின்னஞ்சலில் வர ஆரம்பித்திருந்தன. பெரிய திரை வேண்டும், அதில் தமிழ் வேண்டும்.

2012 தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை திருவொற்றியூரில் ரயில் ஏறி பீச் ஸ்டேஷனில் இறங்கினேன். பர்மா பஜாரில் போன் ரிப்பேர் கடை வைத்திருந்த பழைய மாணவன் கூட வந்தான். (பர்மாவிலிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் திரும்பி வந்த நம் மக்களுக்காக 1960களின் கடைசியில் உண்டான கடைவீதி அது. வாட்ச், டேப் ரெக்கார்டர், அப்புறம் செல்போன்.) அங்கிருந்து ரிச்சி தெரு வரை நடந்தோம். கடைக்காரர்கள் கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். என் சோதனை வேறு. கடைப் போனில் என் சிம்மைப் போடச் சொல்வேன். வீட்டுக்கு மிஸ்டு கால் கொடுப்பேன். சார் தன் பட்டன் போனிலிருந்து 'வேண்டும்' என்று தமிழில் ஒரு சொல் அனுப்புவார்.

ஏழெட்டாயிரம் ரூபாய் போன்களில் வரிசையாகக் கட்டங்கள் வந்தன. எண்ணிப் பார்த்தேன், எட்டு. சாரிடம் 'வேண்டாம்' என்று அனுப்பச் சொன்னேன். அதற்கும் எட்டுக் கட்டங்கள்.

ஆயிரம் ரூபாய் போனுக்குத் தெரிந்த தமிழ் எட்டாயிரம் ரூபாய் போனுக்கு ஏன் தெரியவில்லை? எனக்கு இது பெரிய ஆச்சரியம். மலிவு போனை நம் ஊர் ஆட்களுக்கென்றே விற்றார்கள், அதனால் தமிழை உள்ளேயே வைத்துக் கொடுத்தார்கள். ஆண்ட்ராய்டு வேறு தேசத்தில் உருவாகி வந்தது. 2.3 வரைக்கும் அதில் தமிழ் எழுத்துருவே கிடையாது.

எழுத்துரு மட்டும் இருந்தாலும் போதாது என்பதை அந்தப் பையன்தான் காட்டினான். கடையில் கிடந்த பழைய போன் ஒன்றைத் திறந்து, உள்ளே தமிழ் எழுத்துருக் கோப்பைப் போட்டிருந்தான். "உங்களுதுல பண்ண மாட்டேன் டீச்சர், தப்பாச்சுன்னா செங்கல்தான்" என்றான். பார்த்தேன். கட்டம் போய் எழுத்து வந்திருந்தது, ஆனால் 'பெண்' என்ற சொல்லில் கொம்பு ப-வுக்கு வலது பக்கம் நின்றது. ஒன்றாம் வகுப்பில் முதல் மாதம் பிள்ளைகள் எழுதுவார்களே, அப்படியே. காரணம் இதுதான்: கணினிக்குள் முதலில் ப, பிறகு கொம்பு என்றுதான் தமிழ் பதிவாகிறது. திரையில் காட்டும்போது கொம்பை முன்னால் நகர்த்தி வைக்க ஒரு நிரல் வேண்டும். 'கொ' என்றால் ஒரு குறியை இரண்டாகப் பிரித்து இருபுறமும் நிறுத்த வேண்டும். அந்த நிரல் அந்தப் போனில் இல்லை.

இங்கே கொஞ்சம் பழைய கதை. தமிழை இயந்திரத்தில் ஏற்றிய பாடு புதிதல்ல. யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவுக்குப் போன ஆர். முத்தையா 1930களில் தமிழ்த் தட்டச்சுப் பொறியை உருவாக்கினார். 1978இல் எம்.ஜி.ஆர். அரசு பெரியார் எழுத்துச் சீர்திருத்தத்தை ஆணையாக்கியது. ஆசிரியர் பயிற்சியில் நான் சேர்ந்த சமயம் அது. கொம்பு சுழித்த பழைய 'னை', 'லை' எழுதிப் பழகிய கையால் புதிய வடிவத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தோம். யூனிகோடில் 1991இலேயே தமிழுக்கு இடம் கிடைத்தது. ஆனாலும் பல வருடம் ஒவ்வொரு பத்திரிகையும் தனக்கென்று ஓர் எழுத்துரு வைத்துக்கொண்டிருந்தது.

1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு நடந்தது. அதை ஒட்டித்தான் தமிழ்99 விசைப்பலகை வந்தது. அதைச் செய்தவர்கள் இலக்கணம் அறிந்தவர்கள். உயிரெழுத்துகள் இடக்கைக்கு, மெய்கள் வலக்கைக்கு. 'க' இரண்டு முறை அடித்தால் முதல் க-வுக்குத் தானே புள்ளி விழுந்து 'க்க' ஆகும். 'ந' அடித்து 'த' அடித்தால் 'ந்த'. இன எழுத்து என்று நான் பலகையில் எழுதி மண்டையில் குட்டிச் சொல்லிக்கொடுத்ததை அந்தப் பலகை அமைதியாகச் செய்கிறது. (குட்டியதற்கு இப்போது மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.)

கைப்பேசிக்கு வழி போட்டவர் மலேசியாவின் முத்து நெடுமாறன். அவருடைய செல்லினம் 2005இல் சிங்கப்பூரில் வெளிவந்தது. 2009இல் ஐபோனுக்கும், பிறகு ஆண்ட்ராய்டுக்கும் வந்தது. தமிழ்நாட்டில் நாம் ஆங்கில எழுத்தில் பொங்கல் வாழ்த்து அனுப்பிக்கொண்டிருந்தபோது கடல் கடந்த தமிழர்கள் தமிழில் அனுப்பினார்கள்.

சரி, என் போனுக்கு வருகிறேன். கட்டம் காட்டிய போன்களில் ஒன்றையே வாங்கினேன். வேறு வழி இல்லை, பையனும் ஒரு தந்திரம் சொன்னான். ஓபரா மினி என்ற உலாவியை ஏற்றினான். முகவரிக் கட்டத்தில் ஆங்கிலத்தில் 'கான்ஃபிக்' என்று அடித்து முக்காற்புள்ளி வைத்தான். ஒரு பட்டியல் வந்தது. சிக்கலான எழுத்துகளைப் படமாகக் காட்டு என்ற இடத்தில் 'ஆம்' போட்டான். அவ்வளவுதான், தமிழ்ச் செய்தித்தளம் திரையில் பளிச்சென்று வந்தது. தமிழை வரைவது என் போன் இல்லை. எங்கோ இருக்கும் ஓபரா நிறுவனத்தின் கணினி எழுத்தைப் படமாக்கி அனுப்பியது. அந்தக் காலத்தில் தமிழ் படித்த பாதிப் பேர் இந்த முக்காற்புள்ளியால் படித்தவர்கள்.

மற்ற ஏற்பாடுகளை ரயிலிலேயே செய்துகொண்டேன். முகப்பில் நான்கே படங்கள்: அழைப்பு, எஸ்.எம்.எஸ்., ஓபரா, மின்னஞ்சல். டேட்டாவை வேலை முடிந்ததும் அணைப்பது, இல்லாவிட்டால் பேலன்ஸ் கரையும். எழுத்தளவு பெரியது. உள்நினைவகம் துளியூண்டு என்பதால் ஒன்றை ஏற்ற இன்னொன்றை அழிக்க வேண்டும். ஆனால் தமிழ் எஸ்.எம்.எஸ். மட்டும் கடைசி வரை கட்டமாகவே வந்தது. அதனால் இரண்டு போன் வைத்துக்கொண்டேன். படிக்க ஸ்மார்ட்போன், பெற்றோருக்குத் தமிழில் எழுத சாரின் பட்டன் போன். ஒரு செய்திக்குப் பத்து நிமிடம் ஆகும். அனுப்பும் முன் சாரிடம் வாசித்துக் காட்டுவேன். யார் யார் போனில் தமிழ் தெரியும் என்று நோட்டில் குறித்து வைத்திருந்தேன், வருகைப் பதிவேடு மாதிரி.

ஆண்ட்ராய்டு 4.0இல் தமிழ் எழுத்துரு உள்ளேயே வந்துவிட்டது. 2011 கடைசியில் வெளியானது, ஆனால் நம் கைக்கு எட்டும் விலைப் போன்களில் வந்து சேர நாளாயிற்று. 2013இல் மகன் வாங்கிக் கொடுத்த போனில் செல்லினத்தை ஏற்றி, தமிழ்99 பலகையைத் தேர்ந்தெடுத்து, தாழங்குப்பத்துக்கு ஒரு வரி அனுப்பினேன். மகளின் பத்தாம் வகுப்புக் கட்டணம் பற்றியது. கடைசிச் சொல் 'வேண்டும்'. ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது: 'சரி டீச்சர் நானே படிச்சேன்.'

அந்த 24,000 ரூபாய் போனது போனதுதான். பிளஸ் டூ வரை அவள் விடுமுறை நாட்களில் மீன் கருவாடு காய வைக்கப் போனாள், எனக்குத் தெரியும். இப்போது அவள் செவிலியர். இந்தப் பதிவை எழுதலாமா என்று அவளிடம்தான் முதலில் கேட்டேன். 'தாராளமாக எழுதுங்க டீச்சர்' என்று பதில் போட்டாள், அதுவும் ஆங்கில எழுத்தில். திட்டலாமா என்று யோசித்து விட்டுவிட்டேன். அவள் அப்பா எதையும் எழுதுவதில்லை, வாட்ஸ்அப்பில் குரல் பதிவுதான், பின்னால் கடல் இரைச்சலோடு.

அந்த மழைநாளின் எஸ்.எம்.எஸ். என்னிடம் இல்லை. 2011, 12 வாக்கில் என்னிடமிருந்து செய்தி வாங்கிய பெற்றோர் வீட்டில் பழைய பட்டன் போன் இன்னும் உயிரோடு இருந்தால், உள்ளே பார்த்து ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள். பேத்திக்குக் காட்ட வேண்டும்.