பல்லும் நகையும்

தமிழில் 'நகை' என்னும் சொல்லுக்குச் சிரிப்பு என்பது ஒரு பொருள். அணிகலன் என்பது மற்றொரு பொருள். பல் என்பதும் அதன் பொருள்களுள் ஒன்றாகும். 'முறுவல்' என்னும் சொல்லும் அவ்வாறே புன்னகையையும் பல்லையும் ஒருங்கே குறிக்கும். உணவை மெல்லும் உறுப்பே முகத்திற்குப் பொலிவு தரும் உறுப்பாகவும் விளங்குவதை நம் மொழி நன்கு அறிந்திருக்கிறது.

இன்று உலகின் பெருநகரங்களில் பல்லுக்கென இருவகைப் பெயர்ப்பலகைகளைக் காண்கிறோம். ஒன்று 'பல் மருத்துவர்' என்கிறது. மற்றொன்று 'பல் அழகியல் மருத்துவர்' என்கிறது. முன்னவர் பல்லைக் காப்பவர், பின்னவர் நகையைத் திருத்துபவர் என்று சுருங்கக் கூறலாம். ஆயினும், ஓர் உறுப்புக்கு இருவர் ஏன் தோன்றினர்? அவர்களை உண்மையில் பிரிப்பது யாது? வரலாற்றை நோக்கினால்தான் இவ்வினாக்களுக்குத் தெளிவான விடை கிடைக்கும்.

ஐரோப்பாவில் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை பல் வைத்தியம் பெரும்பாலும் நாவிதர் கையிலும், சந்தைதோறும் சென்று பல் பிடுங்கியோர் கையிலுமே இருந்தது. அந்நிலையை மாற்றிய பெருமை பிரெஞ்சு நாட்டுப் பியேர் ஃபோஷாருக்கு உரியது. 'பல் அறுவை மருத்துவர்' என்று பொருள்படும் தலைப்பில் அவர் 1728ஆம் ஆண்டு இரு தொகுதிகளாக ஒரு நூலை வெளியிட்டார். பல்லைப் புழு அரிக்கிறது என்ற நெடுங்கால நம்பிக்கையை அந்நூலில் மறுத்தார். இனிப்பு பல்லுக்குப் பகை என்று எச்சரித்தார். சொத்தையை நீக்கும் முறை, கோணலாக வளர்ந்த பல்லை நேராக்கும் முறை, செயற்கைப் பல் பொருத்தும் முறை ஆகிய மூன்றும் அந்நூலில் இடம்பெற்றுள்ளன. நோய் தீர்த்தலும் தோற்றம் திருத்தலும் ஒரே மருத்துவரின் கடமைகளாகவே அவர் கருதினார் எனலாம்.

உலகின் முதல் பல் மருத்துவக் கல்லூரி 1840ஆம் ஆண்டு அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் தோன்றியது. நம் வட்டாரத்தில், சிங்கப்பூரின் ஏழாம் எட்வர்ட் மன்னர் மருத்துவக் கல்லூரியில் 1929ஆம் ஆண்டு பல் மருத்துவப் பள்ளி தொடங்கப்பட்டது. இக்கல்விக்கூடங்கள் உருவாக்கிய பொதுப் பல் மருத்துவரின் தலையாய குறிக்கோள், பல்லைப் பிடுங்காமல் காப்பதேயாகும். அம்முயற்சியில் மலாயாக் காடுகளுக்கும் பங்கு உண்டு. கட்டாபர்ச்சா என்பது இக்காடுகளில் வளரும் ஒரு மரத்தின் பால். அதன் பெயரும் மலாய் மொழியிலிருந்தே பிறந்தது. சிங்கப்பூரில் பணியாற்றிய மருத்துவர் மாண்ட்கோமெரி 1843ஆம் ஆண்டு அதனை இலண்டனுக்கு அனுப்பி மேனாட்டார் கவனத்தை ஈர்த்தார். சில பத்தாண்டுகளுக்குள் பல்லின் வேர்க்குழாயை அடைக்க அது பயன்படலாயிற்று. இன்றளவும் பயன்பட்டு வருகிறது. பிடுங்கி எறியப்பட்டிருக்கக்கூடிய எண்ணற்ற பற்கள் இதனால் பிழைத்தன.

இது பல்லின் கதை. இனி நகையின் கதையைக் காண்போம். பல்லை அழகுபடுத்தும் வேட்கை மருத்துவக் கல்லூரிகளை விட மிகப் பழையது. ஆனால், அழகு எது என்பதில் உலகம் ஒருபோதும் ஒன்றுபட்டதில்லை. ஜப்பானில் மணமான மகளிர் பல்லுக்குக் கருமை பூசிக்கொள்வது நெடுங்கால வழக்கம். 1870ஆம் ஆண்டு அரசவைக் குடியினர்க்கு அவ்வழக்கம் தடை செய்யப்பட்டது. 1873ஆம் ஆண்டு பேரரசியார் வெண்பற்களோடு பொதுமக்கள்முன் தோன்றிய பின்னர் அது மெல்ல மறையத் தொடங்கிற்று. பாலித் தீவின் இந்துக்களோ, மேல்தாடையின் ஆறு முன்பற்களை அராவும் சடங்கினை இன்றும் நடத்துகின்றனர். காமம், குரோதம் முதலிய உட்பகை ஆறையும் அடக்குவதன் அறிகுறி அது. நம்மவரோ பல்லை முத்துக்கும் முல்லை அரும்புக்கும் உவமை கூறினர். சொத்தை எந்நாட்டிலும் சொத்தையே. அழகு மட்டும் ஊருக்கு ஊர், காலத்துக்குக் காலம் மாறுவது. இருவகை மருத்துவத்திற்கும் இடையேயுள்ள முதல் வேறுபாடு இங்கேயே தோன்றிவிடுகிறது.

திரைப்படம் இவ்வேட்கையை உலகப் பொதுவாக்கியது. 1930களில் ஹாலிவுட்டில் பணியாற்றிய சார்லஸ் பிங்கஸ் என்னும் பல் மருத்துவர், நடிகர்களின் முன்பற்கள்மேல் ஒட்டும் மெல்லிய உறைகளைச் செய்தளித்தார். பால்பற்கள் விழும் பருவத்திலிருந்த குழந்தை நட்சத்திரம் ஷெர்லி டெம்பிளும் இத்தகைய உறைகளை அணிந்ததுண்டு. அவற்றை உறுதியாக ஒட்ட அன்று வழியில்லை. எனவே, படப்பிடிப்பு முடிந்ததும் அவை கழற்றப்பட்டன. அடியிலிருந்த பல் பழைய நிலையிலேயே இருந்தது.

அவ்வுறை நிலைபெற வழிவகுத்த கண்டுபிடிப்புகள், வியப்பிற்குரிய வகையில், அழகுக்காகச் செய்யப்பட்டவை அல்ல. 1955ஆம் ஆண்டு மைக்கேல் புவோனோகோர் என்னும் அமெரிக்க ஆய்வாளர், பாஸ்பாரிக் அமிலத்தைச் சிறிது நேரம் தடவினால் பல்லின் எனாமலில் நுண்துளைகள் உண்டாகி, பிசின் அதனை இறுகப் பற்றும் என்று காட்டினார். 1962ஆம் ஆண்டு ரஃபேல் போவன் என்பார் பல் நிறத்திலேயே அடைப்புச் செய்ய உதவும் கலவைப் பிசினுக்குக் காப்புரிமை பெற்றார். இருவர் நோக்கமும் பல்லைக் காப்பதும் சீர்செய்வதுமே. அவ்வழியைப் பின்பற்றி 1980களின் தொடக்கத்தில் மெல்லிய பீங்கான் உறைகள் பல்லோடு நிலையாக ஒட்டப்பட்டன. 1984ஆம் ஆண்டு அமெரிக்காவில் பல் அழகியல் மருத்துவர்க்கெனத் தனிக் கழகம் அமைந்தது. 1989ஆம் ஆண்டு, இரவில் அணியும் அச்சுத்தட்டின் உதவியால் வீட்டிலேயே பல்லை வெளுக்கும் முறை அறிவிக்கப்பட்டது. காக்கப் பிறந்த கருவி அழகூட்டும் கருவியுமாயிற்று.

இப்போது நம் வினாவுக்கு வருவோம். பொதுப் பல் மருத்துவர் நோயிலிருந்து தொடங்குகிறார். சொத்தை, ஈறு வீக்கம், வலி ஆகியவை அவருக்கு வழிகாட்டுகின்றன. அழகியல் மருத்துவர் விருப்பத்திலிருந்து தொடங்குகிறார். நோயில்லாத பல்லிலும் அவர் கை வைக்க நேர்கிறது. இதுவே அடிப்படை வேறுபாடு. பட்டத்தில் வேறுபாடு தேடுவோர் ஏமாற்றமே அடைவர். பல் சீரமைப்பு, ஈறு மருத்துவம், செயற்கைப் பல் மருத்துவம் முதலியவை அமெரிக்காவிலும் சிங்கப்பூரிலும் தனிச்சிறப்புத் துறைகளாக ஏற்கப்பட்டுள்ளன. அழகியல் பல் மருத்துவம் அப்பட்டியலில் இல்லை. அப்பெயரைத் தாங்குவோருள் பல்லாண்டு கூடுதல் பயிற்சி பெற்றோரும் இருக்கலாம். ஓரிரு நாள் வகுப்பில் கலந்துகொண்டோரும் இருக்கலாம். பெயர்ப்பலகை இதனைச் சொல்லாது.

இதனை அறிவது ஏன் இன்றியமையாதது? பீங்கான் உறை பொருத்துவதற்குப் பெரும்பாலும் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் அளவுக்கு எனாமலைச் செதுக்க வேண்டியுள்ளது. எனாமலை உருவாக்கும் உயிரணுக்கள் பல் முளைக்கும்போதே மறைந்துவிடுகின்றன. ஆகவே, செதுக்கிய எனாமல் மீண்டும் வளர்வதில்லை. உறைக்கும் ஆயுள் உண்டு. இருபது வயதில் உறை பொருத்திக்கொள்பவர் தம் வாழ்நாளில் அதனைப் பன்முறை மாற்ற நேரிடும். பிங்கஸின் உறை மாலையில் கழன்றது. இன்றைய உறையை அவ்வாறு கழற்றிவிட்டுப் பழைய பல்லுக்குத் திரும்ப இயலாது.

இவ்வாறு கூறுவதால் அழகியல் மருத்துவம் வீண் ஆடம்பரம் என்று கொள்ளலாகாது. விளையாட்டில் முன்பல் உடைந்த மாணவனையும், சிறுவயதில் உண்ட டெட்ராசைக்ளின் மருந்தால் பற்கள் பழுப்பேறிய மாணவியையும் எண்ணிப் பாருங்கள். வகுப்பில் எழுந்து விடை கூறும்போதெல்லாம் வாயைக் கையால் மறைத்துக்கொள்ளும் பிள்ளைக்கு நகையைத் திருத்துவதும் மருத்துவமே ஆகும். முன்பல்லின் சொத்தையைப் பல்லின் நிறத்திலேயே அடைக்கும் பொதுப் பல் மருத்துவரும் அழகை மறந்தவரல்லர். இருவரையும் முற்றாகப் பிரிக்கும் மதில் எதுவுமில்லை.

எனவே, முறையறிந்து நாடுவதே அறிவுடைமை. முதலில் சொத்தையும் ஈறும் நலம் பெறட்டும். தோற்றம் பற்றிய எண்ணம் அதன்பின் எழட்டும். அழகு நாடிச் செல்வோர் மருத்துவரிடம் மூன்று வினாக்களைத் தயங்காது கேட்கலாம்: இதற்கெனத் தாங்கள் பெற்ற பயிற்சி யாது? என் பல்லில் எவ்வளவு செதுக்கப்படும்? செதுக்காமலே இப்பயனைப் பெற வழியுண்டா? இவ்வினாக்களுக்குப் பொறுமையோடு விடை கூறுபவரே, அவர் பலகையில் எப்பெயர் பொறித்திருப்பினும், நம்பத்தக்க மருத்துவர். இதனை நம் மாணவச் செல்வங்கள் இளமையிலேயே அறிந்துகொள்வார்களாயின், விளம்பரத்தின் வெண்மையில் மயங்கி நல்ல பல்லை இழக்க மாட்டார்கள்.