ஒலிபரப்பும் குழுப்பரப்பும்: வலையமைப்பு ஆளிகள் வேகத்தை அளந்த வரலாறு

1925ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள் கொழும்பு வெலிக்கடையில் அமைந்த ஒலிபரப்பு நிலையம் தேசாதிபதி சேர் ஹியூ கிளிபோர்ட் அவர்களால் முறைப்படி தொடக்கிவைக்கப்பட்டது. இலண்டனிலே பி.பி.சி. பிறந்து அப்பொழுது மூன்று ஆண்டுகளே கழிந்திருந்தன. தந்தித் திணைக்களத்துப் பொறியியலாளரான எட்வேட் ஹாப்பர், போரிற் கைப்பற்றப்பட்ட செர்மானிய நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலி உறுப்புக்களைக் கொண்டு பரிசோதனை ஒலிபரப்பை நடத்திய செய்தி பலரும் அறிந்ததே. அவ்வொலிபரப்பின் ஒரு தன்மை மட்டும் ஈண்டு நோக்கற்பாலது. கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டார் கேட்டாலும், வெள்ளவத்தையில் ஆயிரம் வீட்டார் கேட்டாலும், அனுப்பும் நிலையத்துக்குச் செலவு ஒன்றே. கேட்போர் தொகை பெருகுவதால் அனுப்புவோனுக்குச் சுமை கூடுவதில்லை.

தந்தியின் இயல்பு இதற்கு மாறானது. 1858இல் கொழும்புக்கும் காலிக்கும் இடையே கம்பி இழுக்கப்பட்டதுமுதல், ஒரு செய்தியைப் பத்துப் பேருக்கு அறிவிக்க வேண்டின் பத்து முறை அனுப்புதலே வழக்கமாயிற்று. இன்றைய இணையம் பெரும்பாலும் இத்தந்தியின் வழித்தோன்றலே. கொழும்புக் கோயிலொன்றின் திருவிழாவை நேரலையாக ரொறன்ரோவிலும் இலண்டனிலும் ஐந்நூறு பேர் காண்பாராயின், இடையிலுள்ள கணினிகள் ஐந்நூறு தனிப்படிகளை அனுப்பியே தீரவேண்டும். ஒருபடி அனுப்பிப் பலர்க்கு வழங்கும் வானொலியின் சிக்கனத்தைக் கம்பிக்குள் கொணரும் முயற்சியே குழுப்பரப்பு எனப்படும் மல்ரிகாஸ்ற் ஆகும். அம்முயற்சி கைகூடியபோது, அதற்கு அணையிட வேண்டிய நிலையும் உடன்வந்தது.

1973இல் அமெரிக்காவின் செரொக்ஸ் ஆய்வுகூடத்தில் றொபேட் மெற்காஃப் ஈதர்நெற் முறையை வகுத்தார். ஒளி பரவுதற்கு ஊடகமென முன்னாளைப் பௌதிகவியலார் கருதிய ‘ஈதர்’ என்னும் பெயரையே அவர் அதற்கு இட்டார். பெயர் பொருத்தமானதே. ஒரே கம்பியிற் பிணைந்த கணினிகள் யாவும் ஒன்றன் சொல்லை மற்றொன்று கேட்டன. அக்கம்பி ஒரு சிறு வானவெளியாகவே இருந்தது. பலர்க்கு ஒருங்கே அனுப்புதல் அங்கு இயற்கை. அனைவர்க்கும் செல்வது, ஒரு குழுவினர்க்குச் செல்வது, ஒருவர்க்கே செல்வது என்ற வேறுபாடு முகவரியில் மட்டுமே இருந்தது. கணினிகள் பெருகவே, ஒரே வெளியில் அனைவரும் பேசுதல் இயலாதாயிற்று.

அதற்குத் தீர்வாக வந்ததே ஆளி, அதாவது சுவிச்சு. 1990ஆம் ஆண்டளவில் ஏழு வாயில்களையுடைய முதல் ஈதர்நெற் ஆளியை விற்பனைக்குக் கொணர்ந்த நிறுவனத்தின் பெயர் ‘கல்பனா’. இந்திய வழியினரான வினோத் பரத்வாஜ் தம் மனைவியின் பெயரை அதற்கு இட்டார். தமிழிற் கற்பனை என வழங்கும் அதே சொல் கலிபோணியாவில் ஓர் இயந்திரத்தின் மேற் பொறிக்கப்பட்டது இனியதோர் ஒற்றுமை. 1994இல் சிஸ்கோ நிறுவனம் அதனை விலைக்கு வாங்கிற்று.

ஆளி செய்யும் தொழில் எளிது. ஒரு வாயில்வழி ஒரு சட்டகம் வந்தால், அதனை அனுப்பியவரின் முகவரியைப் படித்து, ‘இவர் இவ்வாயிலில் உள்ளார்’ என அட்டவணையிற் குறித்துக்கொள்ளும். பின்னர் அவருக்கு வருவனவற்றை அவ்வாயிலுக்கு மட்டுமே விடும். குழு முகவரியோ அனுப்புவோன் இடத்தில் ஒருபோதும் தோன்றுவதில்லை. பெறுவோர் இடத்தில் மட்டுமே தோன்றும். ஆதலின் ஆளி அதனைக் கற்றுக்கொள்ள வழியே இல்லை. கற்காததை என்செய்வது? வந்த வாயிலொழிந்த எல்லா வாயில்களிலும் கொட்டிவிடும். ஈதரைத் துண்டுதுண்டாக்கிய இயந்திரம் குழுச்செய்தியைக் கண்டவிடத்து மீண்டும் பழைய ஈதராகவே நடந்துகொண்டது.

இதே காலத்தில் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்து ஸ்ரீவ் டீரிங் குழுப்பரப்பை இணைய நெறிகளுள் நிலைநாட்டினார். 1989 ஆகஸ்ற்றில் ஆர்.எஃப்.சி. 1112 வெளிவந்தது. 224 முதல் 239 வரையான எண்களில் தொடங்கும் முகவரிகள் குழுக்களுக்கென ஒதுக்கப்பட்டன. இவற்றை ஈதர்நெற் முகவரிகளோடு பொருத்தியதிற் பணமுடையின் சுவடு ஒன்று உண்டு. டீரிங் தொடர்ச்சியான 16 முகவரித் தொகுதிகளை விரும்பினார் என்றும், ஒவ்வொன்றுக்கும் ஆயிரம் டொலர் கட்டணமாதலின் ஜோன் பொஸ்ரெல் ஒன்றையே வாங்கி அதிலும் பாதியையே கொடுத்தார் என்றும் கூறுவர். விளைவாக 28 பிற்று நீளமுள்ள குழு எண் 23 பிற்றுக்குள் அடக்கப்பட்டது. 32 குழுக்கள் ஒரே ஈதர்நெற் முகவரியைப் பங்கிடலாயின. இன்றும் அவ்வாறே.

இவ்வாண்டுகளில் இலங்கையும் வலையமைப்புலகில் அடியெடுத்து வைத்தது. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்து அபய இந்துருவ அவர்களின் முயற்சியால் 1990இல் ‘லேர்ன்மெயில்’ என்னும் மின்னஞ்சற் சேவை தொடங்கிற்று. அப்பணிக்காக அவர் 2014இல் இணையப் புகழ்மண்டபத்திற் சேர்க்கப்பட்டார். 1995இல் வர்த்தக இணையச் சேவையும் கொழும்பிற்கு வந்தது. அன்று வீட்டுத் தொலைபேசிவழி கிடைத்த உயர்வேகம் விநாடிக்கு 28,800 பிற்று அளவே. மேனாட்டில் 1992இல் தொடங்கிய ‘எம்போன்’ என்னும் குழுப்பரப்பு வலையிலோ, மொத்தப் போக்குவரத்து விநாடிக்கு ஐந்து இலட்சம் பிற்றைத் தாண்டலாகாது என்ற வரம்பு கொள்ளப்பட்டது. குழுப்பரப்பு வேகத்துக்கு இடப்பட்ட முதல் வரம்புகளுள் இதுவும் ஒன்று எனலாம். ஒருவர் சற்று மிகையாகப் படம் அனுப்பினால், அதனை விரும்பாதாரின் வழிகளும் அடைபட்டன என்பதே அதற்குக் காரணம்.

ஆளிகள் அளவு செய்யும் முறைகளுள் மிகப் பழையது ‘புயற்கட்டுப்பாடு’. ஈதர்நெற் சட்டகத்துக்கு ஆயுள் எல்லை இல்லை. ஆளிகளுக்கிடையே கம்பி வளையமாக அமைந்துவிடின், ஒரு குழுச்சட்டகம் ஓயாது சுழன்று பெருகும். வளையங்களை அறுக்க ராடியா பேர்ள்மன் 1985இல் ஒரு வழி வகுத்தாராயினும், கம்பி மாற்றிச் செருகும் கைகளை அம்முறையால் எப்பொழுதும் வெல்ல முடிவதில்லை. ஆதலின் ஒவ்வொரு வாயிலிலும் விநாடிதோறும் வரும் குழுச்சட்டகங்களை எண்ணி, குறித்த வீதத்தை மிஞ்சினால் அடைத்துவிடுமாறு ஆளிகள் அமைக்கப்பட்டன.

இது முரட்டு வைத்தியம். விநாடிக்குப் பத்துக் கோடி பிற்று ஓடும் வாயிலில் 3 வீதம் என வரம்பிட்டால், அனுமதி 30 இலட்சம் பிற்று. 40 இலட்சம் பிற்றுள்ள தொலைக்காட்சி ஓட்டம் அவ்வழி வரின், முக்கால் விநாடிக்குள் வரம்பு நிறைந்துவிடும். சில ஆளிகள் அவ்விநாடியின் எஞ்சிய காலத்தை அடைக்கும். வேறு சில அடுத்த இடைவேளை முழுவதையும் அடைக்கும். எவ்வாறாயினும் பார்ப்போன் காண்பது உறைந்த படமே. வீதக்கணக்கிற் பிறிதொரு மயக்கமும் உண்டு. அதே வாயிலில் 1 வீதம் என்பது மிகச் சிறிய, 64 பைற்றுச் சட்டகமாயின் விநாடிக்கு 1,488. மிகப் பெரிய, 1,518 பைற்றுச் சட்டகமாயின் 81 மட்டுமே. பெறும் கணினியை வருத்துவது பிற்றுக்களின் நிறையன்று, சட்டகங்களின் தொகையே. சட்டகங்களை எண்ணி வரம்பிடுதலே இவ்விடத்துச் சிறந்தது.

சிஸ்கோவின் சில ஆளிகளில் இதனினும் பெரிய இடர் காணப்பட்டது. குழுப்பரப்பு வரம்பை மீறியதும், வளையமறுக்கும் சட்டகங்கள் முதலிய சிலவற்றை மட்டும் விடுத்து, மற்றக் குழுச்சட்டகங்கள் யாவும் தடுக்கப்பட்டன. ஓ.எஸ்.பி.எஃப். முதலிய வழிகாட்டு நெறிகளின் அறிவித்தல்களும் குழுமுகவரியிலேயே செல்வனவாதலின், அவையும் உடன்வீழ்ந்தன. வெள்ளத்தைத் தடுக்கப்போய் வழிகாட்டியையே தடுத்த கதையாயிற்று.

இதனினும் நுண்ணியது வில்லைக்கலமுறை. 1986இல் ஜொனதன் ரேணர் எழுதிய ‘ஒழுகும் வாளி’க் கருத்தோடு உறவுடையது. ஒரு கலத்தில் வில்லைகள் சீரான வேகத்தில் வீழும். ஒவ்வொரு சட்டகமும் தன் அளவுக்கேற்ற வில்லைகளை எடுத்துச் செல்லும். கலம் வெறுமையாயின் சட்டகம் கைவிடப்படும். சிறு துள்ளலுக்கு இடமுண்டு, நெடும்பெருக்குக்கு இல்லை. வன்னிக் குளங்களின் துருசை அறிந்தோர்க்கு இது புதிதன்று. பண்டை இலங்கைப் பொறியியலார் குளக்கட்டினுள் அமைத்த பிசோக்கொட்டுவ என்னும் கற்கிடங்கைப் பாக்கர் 1909இல் வெளியிட்ட நூலில் வியந்து கூறியதும், பெருநீரின் அழுத்தத்தைக் கட்டினுள்ளேயே அடக்கி அளவாக வெளிவிடும் இத்திறம் பற்றியே.

அளவு செய்தலோடு ஆளியைக் கல்வியுடையதாக்கும் முயற்சியும் நடந்தது. குழுவிற் சேர விரும்பும் கணினி தன் வழிப்படுத்திக்கு விடுக்கும் வேண்டுகோளை இடைநின்ற ஆளி ஒட்டுக்கேட்டு, வேண்டிய வாயிலுக்கு மட்டும் ஓட்டத்தை விடும். நெறிகளின் அடுக்கொழுங்கை மீறும் இவ்வொட்டுக்கேட்டலை முதலில் முகஞ்சுளித்தோர் பலர்; 2006இல் ஆர்.எஃப்.சி. 4541 அதற்கு வழிகாட்டுக் குறிப்புக்களைத் தந்தது. கம்பிவழித் தொலைக்காட்சி இதனாலேயே இயல்வதாயிற்று. இலங்கையில் 2008இல் பியோ ரிவி தொடங்கியபோது, வீடுகளுக்கு இருந்தது செப்புத் தொலைபேசிக் கம்பியே. விநாடிக்கு 80 இலட்சம் பிற்றுக் கொள்ளும் கம்பியில் 40 இலட்சம் பிற்றுள்ள ஓட்டங்கள் இரண்டே அடங்கும். ஐம்பது அலைவரிசைகளையும் கொட்டும் ஆளி அத்தகைய வீட்டுக்கு உதவாது; கேட்டதை மட்டும் விடும் ஆளியே உதவும்.

எம்போன் மறைந்தது. நாடு கடந்த குழுப்பரப்பு வேரூன்றவில்லை. தனி நிறுவனங்களின் வேலிக்குள்ளேயே அது வாழ்கின்றது. ஆயினும் இணையநெறியின் ஆறாம் பதிப்பு, அயலிலுள்ள கணினியைக் கண்டறிதற்கே குழுமுகவரியைப் பயன்படுத்துகின்றது. அங்கு வரம்பை மிகத் தாழ்த்தின் அயலாரை அயலார் காணார். வானலை வழிச் செல்லும் வைஃபையிலோ குழுச்சட்டகம் பொதுவாக மிகக் குறைந்த வேகத்தில் அனுப்பப்பட்டு, ஏனையோர் காலத்தையும் விழுங்குகின்றது. 2021இல் வெளிவந்த ஆர்.எஃப்.சி. 9119 இவ்விடர்களைத் தொகுத்துரைக்கின்றது. அதனாற் பல வைஃபை நிலையங்கள் ஒரு குழுச்சட்டகத்தைப் பெற்றதும் அதனைத் தனித்தனிப் படிகளாக்கி ஒவ்வொருவர்க்கும் வேறுவேறாக அனுப்புகின்றன. ஹாப்பரின் ஊடகமாகிய அதே வானவெளியில், தந்தியின் முறையில்.