தண்ணீர் ஊற்றிய கை

இன்னிக்கு எபிசோடு ஒரு முறுக்குச் சட்டியில் தொடங்குது.

2001. தீபாவளிக்கு மூணு நாள் இருக்கு. நெய்வேலி டவுன்ஷிப்பில் எங்க குவார்ட்டர்ஸ். நான் ஏழாவது படிக்கிறேன். அம்மா அடுப்பில் கடலை எண்ணெயை வெச்சுட்டு, வாசலில் சீட்டுப் பணம் கேட்டு யாரோ கூப்பிட்டாங்கன்னு போனாங்க. ரெண்டு நிமிஷம்னு போனது பேச்சில் இழுத்துக்கிட்டுப் போச்சு. முறுக்கு சுட எண்ணெய்க்குத் தேவையான சூடு 180 டிகிரி பக்கம். அதைத் தாண்டி ஏறிக்கிட்டே போய் 350-ஐக் கடந்தால், யாரும் தீக்குச்சி கிழிக்க வேண்டாம். எண்ணெய் தானாகவே பற்றிக்கொள்ளும். எங்க வீட்டில் அதுதான் நடந்தது.

அப்பா முதல் ஷிப்ட் முடிச்சு வந்து படுத்திருந்தார். புகையைப் பார்த்து ஓடி வந்தவர் கையில் கிடைத்த தண்ணீர்ச் சொம்பை அப்படியே சட்டியில் ஊற்றினார்.

சட்டி வெடிச்ச மாதிரி ஒரு சத்தம். நெருப்பு கூரை வரைக்கும் எழும்பிச்சு. அப்பாவோட வலது கை, முழங்கை வரை வெந்து போச்சு. பக்கத்து குவார்ட்டர்ஸில் மாமா ஒருத்தர் இருந்தார், சுரங்கத்தின் தீயணைப்புப் பிரிவில் வேலை. அவர் ஓடி வந்து, பெரிய தாம்பாளத்தைப் பக்கவாட்டில் நகர்த்திச் சட்டியை மூடி, கேஸை நிறுத்தினார். அவ்வளவுதான். நெருப்பு செத்துப் போச்சு. இதுதான் இருபது வருஷமா நான் எல்லாரிடமும் சொல்லிக்கிட்டு வந்த கதை.

என்னை ரொம்ப நாள் உறுத்திய கேள்வி ஒன்று உண்டு. நெருப்பைப் பற்றி எங்க அப்பாவைவிட அதிகம் தெரிந்தவர் எங்க வீட்டில் யாரும் கிடையாது. தினமும் நெருப்போடுதான் வேலை. அவர் எப்படி இந்தத் தப்பைச் செய்தார்? பதிலைத் தேட ஊரின் வரலாற்றுக்குள் போகணும்.

நெய்வேலி பிறந்ததே ஒரு கிணற்றில். 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் கிணறு தோண்டியபோது தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்தது. எரியக்கூடிய பொருள் என்று தெரிந்ததும் அரசுக்குத் தகவல் போனது. பிறகு ஆய்வுகள், துளைகள், வருடங்கள். 1956 நவம்பர் 14-ஆம் தேதி என்.எல்.சி. நிறுவனம் உருவானது. 1957 மே 20-ஆம் தேதி நேரு வந்து சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். ஆனால் பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது 1961 ஆகஸ்டில்தான். நாலு வருஷம் வெறும் மண்தான் தோண்டினார்கள். நிலக்கரிக்குக் கீழே அழுத்தத்தோடு நிலத்தடி நீர் நிற்கிறது. அதை இரவு பகலாக பம்ப் வைத்து இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கம் சுரங்கமாக இருக்கும். நிறுத்தினால் தரையைப் பிய்த்துக்கொண்டு தண்ணீர் மேலே வந்துவிடும். ஒரு டன் நிலக்கரிக்குப் பல டன் தண்ணீர் இறைக்கிறார்கள். அதில் ஒரு பங்கு வாலாஜா ஏரிக்குப் போய் வயலுக்குப் பாய்கிறது. (நிலத்தைக் கொடுத்துவிட்டு ஊரைவிட்டு நகர்ந்தவர்களின் கதை தனி எபிசோடு. அதை இங்கே ஒரு வரியில் முடிக்க எனக்கு மனசில்லை.)

இந்த நிலக்கரிக்கு ஒரு கெட்ட குணம். கிட்டத்தட்ட பாதி எடை ஈரம். அந்த ஈரம் காயத் தொடங்கினால் காற்றில் இருக்கும் ஆக்சிஜனை இழுத்து, உள்ளுக்குள்ளேயே சூடாகி, தானாகப் புகைய ஆரம்பிக்கும். குவித்து வைத்தாலும் எரியும், வெட்டிய முகப்பிலும் எரியும். மருந்து, தண்ணீர். பீய்ச்சிக்கொண்டே இருக்க வேண்டும். அப்பா அந்த வேலையைப் பல வருஷம் பார்த்தவர். அவர் பார்த்த நெருப்பெல்லாம் தண்ணீருக்குக் கட்டுப்பட்ட நெருப்பு.

எண்ணெய் அப்படி இல்லை. ஊற்றிய தண்ணீர் எண்ணெயைவிட கனம் என்பதால் நேராக அடியில் போய் உட்காரும். முன்னூறு டிகிரிக்கு மேல் இருக்கும் எண்ணெய்க்கு அடியில் அது ஒரு நொடியில் ஆவியாகும். தண்ணீர் ஆவியானால் சுமார் 1,700 மடங்கு விரியும். அந்த ஆவி மேலே கிடக்கும் எரியும் எண்ணெயைத் துளித்துளியாகத் தூக்கி எறிகிறது. ஒவ்வொரு துளியும் காற்றைச் சந்தித்ததும் ஒரு பந்தம். சுரங்கத்தில் உயிர் காப்பாற்றும் பழக்கம் சமையலறையில் கையை வேக வைத்தது இப்படித்தான்.

சரி, அதே நெய்வேலியின் சமையலறைகளில் அதற்கு முன்னால் என்ன எரிந்தது? என் பாட்டி காலத்தில் லெக்கோ. நகரத்துப் பிள்ளைகளுக்கு இந்தப் பேரே தெரியாது. பழுப்பு நிலக்கரியைப் பொடித்து, காய வைத்து, கட்டியாக அழுத்தி, காற்றில்லாமல் சுட்டு எடுத்த கரி. 1960-களின் நடுவில் இதற்கென்றே நெய்வேலியில் ஓர் ஆலை வந்தது. புகை வராது என்பதுதான் விற்பனை மந்திரம். பற்ற வைக்கத்தான் உயிர் போகும் என்பார் பாட்டி. வறட்டி, கொஞ்சம் மண்ணெண்ணெய், விசிறி, அரை மணி நேரம். பற்றிவிட்டால் மதியச் சமையல் வரை கனிந்துகொண்டே இருக்கும். ஆனால் புகை இல்லை என்பதால் ஆபத்தும் இல்லை என்று சிலர் மூடிய அறையில் கணப்பாக வைத்துக்கொள்வார்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. பாட்டி கதவைத் திறந்து வைத்துத்தான் லெக்கோ மூட்டுவார். ஏன்னு கேட்டா, "மூச்சு முட்டும்டா" என்பார். வேதியியல் அவ்வளவுதான்.

நடுவில் வந்தது பம்ப் ஸ்டவ். 1970, 80-களின் செய்தித்தாள்களில் 'ஸ்டவ் வெடித்து இளம்பெண் பலி' என்பது ஏறக்குறைய நிரந்தரப் பத்தி. எல்லாமே ஸ்டவ் வெடித்தது இல்லை. வெடித்தது மருமகள்களுக்கு மட்டுமே ஏன், மாமியார்களுக்கு ஏன் இல்லை என்று பெண்கள் இயக்கங்கள் கேட்ட பிறகுதான் 1983-இல் 498ஏ சட்டப்பிரிவு வந்தது, 1986-இல் வரதட்சணை மரணத்துக்குத் தனிப் பிரிவு வந்தது. சமையலறைத் தீயின் வரலாற்றைப் பேசும்போது இதை விட்டுவிட்டு 'கவனக்குறைவு' என்று மட்டும் சொல்வது எனக்கு நேர்மையாகப் படவில்லை.

அப்புறம் கேஸ். இண்டேன் என்ற பெயரில் 1965-இல் கொல்கத்தாவில் தொடங்கியது. கேஸுக்கு இயல்பாக வாசமே கிடையாது தெரியுமா? நாம் 'கேஸ் வாசம்' என்று சொல்லும் அந்த அழுகிய முட்டைக்கோஸ் நாற்றம் மெர்காப்டன் என்ற ரசாயனம், வேண்டுமென்றே சேர்ப்பது. அதைச் சட்டமாக்கப் பெரிய காரணமாக இருந்தது ஒரு பள்ளிக்கூடம். 1937 மார்ச் 18, அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தின் நியூ லண்டன். வாசமில்லாத இயற்கை எரிவாயு கட்டடத்துக்கு அடியில் கசிந்து தேங்கியிருந்தது. ஓர் ஆசிரியர் மின்சார இயந்திரத்தின் சுவிட்சைப் போட்டார். சுமார் 300 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் பிள்ளைகள். அடுத்து வந்த சட்டம் கேஸில் நாற்றத்தைச் சேர்க்கச் சொன்னது. அந்த நாற்றம் மூக்கில் ஏறியதும் லைட் போட்டுப் பார்க்காதீங்க, ஃபேன் போட்டு விரட்டாதீங்க. ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துட்டு வெளியே போங்க. நம்ம சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனம். தரையோடு ஊர்ந்து கட்டிலுக்கு அடியில் போய் உட்காரும்.

நமக்கும் ஒரு பள்ளிக்கூடம் இருக்கு. 2004 ஜூலை 16, கும்பகோணம், காசிராமன் தெரு. நான் அப்போ பத்தாவது. சத்துணவு சமைத்த கூடத்தின் கீற்றுக் கூரையில் பற்றிய தீ, மாடியில் வகுப்புகள் நடந்த கீற்றுக் கூரைக்குத் தாவியது. 94 குழந்தைகள். சாயங்காலம் டிவி முன்னால் அப்பா வாய் திறக்கவே இல்லை. தன் வலது கையை இடது கையால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகு பள்ளிகளிலிருந்து கீற்றுக் கூரைகள் இறக்கப்பட்டன. நீதிபதி சம்பத் ஆணையம் விசாரித்தது. 2009-இல் உச்ச நீதிமன்றம், பாதுகாப்பான பள்ளியும் கல்வி உரிமையில் அடங்கும் என்று தீர்ப்பு சொன்னது.

நெய்வேலியிலிருந்து பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் வடலூர். 1867 மே 23-ஆம் தேதி வள்ளலார் தொடங்கிய தருமச்சாலை அங்கே இருக்கிறது. பசித்து வருபவர்களுக்காக அவர் மூட்டிய அடுப்பை இன்று வரை அணைய விடாமல் பார்த்துக்கொள்கிறார்கள். 21 அடி நீள அடுப்பு. ஒரு பக்கம் அணையவே கூடாத நெருப்பு, பத்து கிலோமீட்டர் தள்ளி அணைத்துக்கொண்டே இருக்க வேண்டிய நெருப்பு. இரண்டையும் பார்த்து வளர்ந்த எனக்கு, நெருப்பைக் காவல் காப்பது ஒரு முழுநேர வேலை என்பது மட்டும் புரிந்தது. 2020-இல் இரண்டாவது அனல் மின் நிலையத்தில் மே 7, ஜூலை 1 என்று இரண்டு மாதத்துக்குள் இரண்டு பாய்லர் விபத்துகள். ஜூலை 1 அன்றே ஆறு தொழிலாளர்கள் இறந்தார்கள், பிறகு எண்ணிக்கை கூடியது. அப்பா அப்போது ஓய்வு பெற்றிருந்தார். அன்று இரவு முழுக்க அவருடைய போன் பிஸி.

இந்த எபிசோடை எழுதி முடிச்சு, அம்மா அப்பாகிட்ட போனில் படிச்சுக் காட்டினேன். இதைச் சொல்ல அனுமதி வேணும்ல. ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டாங்க. அம்மா நடுவில் நிறுத்தினாங்க.

"தீயணைப்பு மாமாவா? அவர் அன்னிக்கு நைட் ஷிப்ட்டுக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி கடைத்தெருவுக்குப் போயிருந்தார்டா. வீட்டுலயே இல்ல. தாம்பாளத்தை எடுத்து மூடினது அத்தை. உங்கப்பா கையைக் குழாய்ல பிடிச்சுக்கிட்டு ரொம்ப நேரம் நின்னதும் அவங்கதான். நான் இட்லி மாவைத் தடவப் போனேன், என் கையத் தட்டிவிட்டாங்க."

"பின்ன ஏன் எல்லாரும் மாமான்னு சொல்றாங்க?"

"மாமா தீயணைப்புல இருந்தார்ல. அப்படியே பேச்சாயிடுச்சு."

அப்பாகிட்ட கேட்டேன், அம்மா சொல்றது சரியான்னு. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"ஆமாம்பா," என்றார். "அந்தத் தாம்பாளம்கூட நம்ம வீட்டுதுதான். இப்பவும் ஸ்டவ் பக்கத்துலதான் வெச்சிருக்கேன்."